கதையும் காலமும்: வெர்காவின் 'விடுதலை'



வகுப்பில் ஒரு கதையைச் சொல்லி முடித்ததும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது உண்மையாகவே நடந்ததா, சார்?" என்பதுதான். அதைச் சிறுபிள்ளைக் கேள்வி என்று தள்ளிவிடக் கூடாது. சில கதைகளைத் திறக்கும் சாவியே அதுதான். இத்தாலிய எழுத்தாளர் ஜியோவான்னி வெர்கா 1882ஆம் ஆண்டில் வெளியிட்ட 'விடுதலை' என்னும் சிறுகதையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலில் கதையைப் பார்ப்போம். சிசிலித் தீவில் ஒரு சிற்றூர். கோயில் மணி ஒலிக்கிறது. விடுதலை என்று கூவியபடி ஏழை உழவர்கள் கோடரியும் அரிவாளுமாகக் கிளம்புகிறார்கள். செல்வர்களை வெட்டிச் சாய்க்கிறார்கள். பத்திரம் எழுதுபவரின் சிறுவயது மகனையும் விட்டு வைக்கவில்லை. வெறி தணிந்த பிறகுதான், நிலத்தை அளந்து பங்கிட அளவையாளரும் இல்லை, பத்திரம் எழுத ஆளும் இல்லை என்பது அவர்களுக்கு உறைக்கிறது. ஒரு தளபதி வருகிறார். கையில் அகப்பட்ட சிலரைச் சுட்டுக் கொல்ல ஆணையிடுகிறார். அவர்களுள் ஒருவன் குள்ளன். மற்றவர்கள் மீதான வழக்கு மூன்றாண்டு இழுக்கிறது. இறுதியில் கைவிலங்கு பூட்டப்படும் கரி சுடும் தொழிலாளி ஒருவன், ஒரு பிடி மண்கூடக் கிடைக்காத தனக்கு எதற்குச் சிறை என்று புரியாமல் திகைக்கிறான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1860 மே மாதம், கரிபால்டி ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்களுடன் சிசிலியில் இறங்கினார். பொது நிலங்கள் பங்கிடப்படும் என்று ஜூன் 2ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். எட்னா எரிமலைச் சாரலில் புரோந்தே என்று ஓர் ஊர். 1799இல் அதை மன்னர் பெர்டினாண்டு, ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் நெல்சனுக்குப் பரிசாக வழங்கியிருந்தார். நெல்சனின் வாரிசுகளோடு ஊரார் நெடுங்காலம் நில வழக்காடி வந்தனர். ஆணை வந்தும் நிலம் வரவில்லை. ஆகஸ்டு தொடக்கத்தில் கலகம் வெடித்தது. 16 பேர் மாண்டனர். கரிபால்டியின் தளபதி நீனோ பிக்சியோ வந்து, அவசர விசாரணை நடத்தி, ஆகஸ்டு 10ஆம் நாள் ஐவரைச் சுட்டுக் கொன்றார். கரிபால்டி அப்போது இத்தாலியப் பெருநிலத்துக்குக் கடல் கடக்க ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் கலகம் இருப்பதை அவர் விரும்பவில்லை.

இப்போது இரண்டையும் ஒப்பிடுவோம். கதையில் புரோந்தே என்ற பெயர் இல்லை. நெல்சன் குடும்பத்தின் நிலமும் இல்லை. சுடப்பட்ட ஐவருள் ஒருவர் நிக்கோலோ லொம்பார்தோ என்னும் வழக்கறிஞர். நிலப் பங்கீட்டுக்காகப் போராடியவர். அவரும் கதையில் இல்லை. மற்றொருவர் சித்தம் கலங்கிய ஓர் ஏழை. அவரைத்தான் வெர்கா குள்ளனாக மாற்றினார் என்று சிசிலி எழுத்தாளர் லியோனார்தோ ஷாஷா பின்னாளில் சுட்டிக் காட்டினார். பித்தரைச் சுட்டது அப்படியே வந்திருந்தால் தளபதியின் நீதி என்னவாகியிருக்கும்?

வெர்கா நிலவுடைமைக் குடும்பத்தில் 1840இல் பிறந்தவர்; இருபது வயதில் தேசியக் காவற்படையில் சேர்ந்தவர். இத்தாலியை ஒன்றாக்கிய வீரர்களின் புகழைக் குறைக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். ஆயினும் கடைசிக் காட்சியை அந்தக் கரி சுடுபவனுக்கே கொடுத்தார். வாக்களித்தவர்கள் கைவிட்டதை அவனுடைய திகைப்பு சொல்லிவிடுகிறது. ஆசிரியரின் சார்பையும் மீறி அவருடைய கலை உண்மை பேசிய இடம் அது.

ஆகவே மாணவர்களே, ஒரு கதையைப் படிக்கும்போது, நிகழ்ச்சி எப்போது நடந்தது, கதை எப்போது எழுதப்பட்டது, யார் எழுதினார் என்று கேளுங்கள். அதோடு நின்றுவிடாமல், யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். வரலாற்று ஏடுகளிலும் இடம் கிடைக்காத ஏழைகள், பெரும்பாலும் அந்த விடுபட்ட வரிகளில்தான் இருக்கிறார்கள்.