லாம்டா உணரி

பெட்ரோல் காரின் புகைக்குழாயில் பொருத்தப்பட்டு, வெளியேறும் வாயுவில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அறியும் கருவி. பட்டறைகளில் ஆக்சிஜன் சென்சார் என்பார்கள்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதமே லாம்டா 1 எனப்படுகிறது. பெட்ரோல் மிகுந்தால் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் பெருகும். காற்று மிகுந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகளை, புகையின் நச்சை நீக்கும் வினையூக்கி மாற்றியால் சிதைக்க இயலாது. மூன்று நச்சுகளும் ஒருசேர அடங்குவது லாம்டா 1-ஐ ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டுமே.

உணரியின் உள்ளே சிர்கோனியா பீங்கான் உள்ளது. அதன் ஒருபுறம் வெளிக்காற்று, மறுபுறம் புகை. இருபுற ஆக்சிஜன் வேறுபாடு மின்னழுத்தமாகிறது: கலவையில் பெட்ரோல் கூடினால் சுமார் 0.9 வோல்ட், குறைந்தால் 0.1 வோல்ட். இதைப் படிக்கும் எஞ்சின் கணினி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. எனவே கலவை இரு பக்கமும் ஓயாமல் ஊசலாடும். வினையூக்கியிலுள்ள சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைச் சேமித்தும் விடுவித்தும் அந்த ஊசலாட்டத்தைச் சமன்செய்கிறது. இந்த அமைப்பின் மிக நுட்பமான பகுதி இதுதான்.

சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடேறும்வரை உணரி பயன்படாது. குளிர்ந்த எஞ்சின் அதிக நச்சைக் கக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னாளில் உணரிக்குள்ளேயே ஒரு சூடேற்றியைப் பொருத்தினார்கள்.

பாஷ் நிறுவனம் உருவாக்கிய இவ்வுணரியை வால்வோ 1976-இல் அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் பொருத்தியது. ஈயம் கலந்த பெட்ரோல் உணரியையும் வினையூக்கியையும் கெடுக்கும். இந்தியாவில் அத்தகைய பெட்ரோலின் விற்பனை 2000-இல் நிறுத்தப்பட்டது.