கப்பலில் வந்த வீடு

1839-ல் சார்லஸ் ஜோசப் லா ட்ரோப் மெல்போர்னில் வந்து இறங்கியபோது அந்த ஊருக்கு வயது நான்குதான். போர்ட் பிலிப் மாவட்டத்தை நிர்வகிக்க அனுப்பப்பட்டவர், குடியிருக்க வீடு கிடைக்காது என்பதை உணர்ந்து, இங்கிலாந்திலிருந்து ஒரு மரவீட்டையும் கப்பலேற்றி வந்திருந்தார்.

செய்து கொடுத்தவர் லண்டன் தச்சர் மேன்னிங். 1830 வாக்கில் ஆஸ்திரேலியாவின் ஸ்வான் நதிக் குடியேற்றத்துக்குக் கிளம்பிய தன் மகனுக்காகத்தான் இப்படியொரு வீட்டை முதலில் செய்தார். பிறகு அதுவே வியாபாரமாகிவிட்டது. தரைச்சட்டத்தின் மேல் பள்ளம் வெட்டிய தூண்கள், பள்ளத்தில் செருகும் பலகைகள், இறுக்குவதற்கு போல்ட்டுகள், அவ்வளவுதான். பலகைகள் எல்லாம் ஒரே அளவு என்பதால், எது எங்கே என்ற குழப்பமே இல்லை. ஒவ்வொன்றையும் ஓர் ஆள் தூக்கிவிடலாம்.

வீடு நின்ற ஜோலிமாண்ட் நிலம் 1840-ல் ஏலத்துக்கு வந்தது. 12.5 ஏக்கர், ஏக்கர் 20 பவுன். லா ட்ரோப்பை எதிர்த்துக் கேட்க ஆளில்லை. நல்லெண்ணம் என்பார்கள், அதிகாரி கலந்துகொள்ளும் ஏலங்களை நாமும் பார்த்தவர்கள்தானே! மண்ணுக்குரிய உருஞ்செரி மக்களை யாரும் கேட்கவே இல்லை.

1851-ல் விக்டோரியா தனிக் காலனியானது, தங்கம் கிடைத்தது, லா ட்ரோப் துணைநிலை ஆளுநரானார். ஆனாலும் 1854-ல் ஊர் திரும்பும்வரை, ஒட்டுக் கட்டுமானங்களோடு வளர்ந்த அதே மரவீட்டில்தான் இருந்தார்.

பின்னர் நிலம் மனைகளாகப் பிரிந்தது. வீட்டின் மிச்சம் ஒரு காலணித் தொழிற்சாலைக்குள் சிக்கியது. 1963-ல் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அதை மீட்டு டொமைன் பூங்காவுக்குக் கொண்டுபோனது. 1998-ல் மறுபடியும் இடமாற்றம். பழைய மரமாக எஞ்சியது பெரும்பாலும் சாப்பாட்டு அறைதான். மற்றவை ஓவியர் எட்வர்ட் லா ட்ரோப் பேட்மேன் வரைந்த படங்களைப் பார்த்துப் புதிதாகக் கட்டியவை.

அப்படியானால் இது நகல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கோட்டையையோ கோயிலையோ பெயர்த்தால் பாதி உயிர் போய்விடும், சரி. இதுவோ பெயர்த்து எடுத்துப்போவதற்கென்றே செய்த வீடு. அதனால் இடமாற்றத்தை நான் பெரிய குறையாகக் கொள்ளமாட்டேன். மரம் மாறியதுதான் குறை. ஒரு பேரரசு குடியேற்றத்தையே சரக்காகக் கட்டி அனுப்பிய விதத்துக்கு மேன்னிங் வெட்டிய பள்ளங்களே சாட்சி. புதுப் பலகை அந்தச் சாட்சியைச் சொல்லாது.

மேன்னிங் அனுப்பிய இன்னொரு கட்டடம் அடிலெய்டில் இருக்கிறது. 1840-ல் எழும்பிய, குவேக்கர் கிறிஸ்தவர்களின் வழிபாட்டுக் கூடம் அது. இடம் மாறவில்லை, இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது. அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)