பெரட்டிலிருந்து பொதுக்கூட்டத்துக்கு: தென் கெடா தோட்டத் தமிழரிடையே கூட்ட நடைமுறை வளர்ந்த வரலாறு

மலாயாத் தோட்டங்களில் தொழிலாளர்கள் நாள்தோறும் ஒன்றுகூடிய இடம் பெரட்டுக் களம். விடியுமுன் வரிசையில் நிற்பார்கள். எழுத்தரான கிராணி பேர் கூப்பிடுவார், கூப்பிட்டவர் குரல் கொடுப்பார், கங்காணி வேலை பிரித்துவிடுவார். அந்தக் கூட்டத்தில் பதில் சொல்லலாம், கேள்வி கேட்க முடியாது. கிரியான் ஆற்றுக்கு வடகரையில் கிடக்கும் பண்டார் பாரு மாவட்டத்திலும், அதை ஒட்டிய கூலிமிலும் ரப்பர் காடுகளில் வாழ்ந்த தமிழர், ஒருவர் முன்மொழிய மற்றவர் வழிமொழிந்து, கைதூக்கியோ சீட்டுப் போட்டோ முடிவெடுக்கும் கூட்டத்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இந்த நடைமுறை பெரும்பாலும் தொழிலாளரைக் கட்டுக்குள் வைக்க அரசாங்கம் போட்ட சட்டங்களோடு வந்தது. ஆனால் வந்த பிறகு அதை யார் யாருக்காகப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு கதை.

தமிழரின் சபை மரபைப் பேச வருவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையிலிருந்து தொடங்குவது வழக்கம். தோட்டத்துக் கூட்டத்துக்கு அந்த வேர் இல்லை. நிலமும் வயதும் கல்வியும் பார்த்துத் தகுதி வகுத்த சபை அது. லயம் என்னும் வரிசை வீட்டில் குடியிருந்த பால்மரத் தொழிலாளிக்கு அதில் நாற்காலி கிடைத்திருக்காது. லயத்து மக்களுக்குத் தெரிந்தது கோயில் வாசலில் கூடும் பஞ்சாயத்துதான். 1936 டிசம்பரில் மலாயாவுக்கு வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, அடுத்த ஆண்டு வெளியான தம் அறிக்கையில் தோட்டங்களில் பஞ்சாயத்து அமைக்கலாம் என்று பரிந்துரைத்தார். சில்லறைச் சச்சரவுகளைத் தீர்க்க அது உதவும். கூலியைப் பற்றி நிர்வாகத்தோடு பேச அதற்கு அதிகாரமில்லை. மேலும், கங்காணியே பெரியவராக உட்காரும் இடத்தில் கங்காணி மேல் புகார் சொல்வது எப்படி?

எழுத்து மூலமான தீர்மானம் என்ற பழக்கம் நகரத்துச் சங்கங்களிலிருந்து வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி ஈப்போ மாநாட்டில் கலந்துகொண்டதும், அதையொட்டிச் சீர்திருத்தச் சங்கங்கள் கிளைத்ததும் தெரிந்த செய்தி. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் சங்கச் செய்திகளைத் தாங்கி வந்தன. தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூவர் அமைப்பைத் தோட்டத்துப் படிப்பாளிகள் இந்தச் செய்திகளில் கண்டிருப்பார்கள். பண்டார் பாருவுக்குப் பினாங்கு நிலம் பக்கத்து வீடு. அந்தப் பக்கத்து நிபோங் திபாலுக்கு எட்டும் பேச்சு இந்தப் பக்கத்துச் செர்டாங்குக்கு எட்ட நேரமாகாது.

ஜப்பானியர் காலம் இன்னொரு விதமான கூட்டத்தைக் கற்றுத் தந்தது. இந்திய சுதந்திரச் சங்கமும் இந்திய தேசிய ராணுவமும் தோட்ட இளைஞர்களுக்குச் சீருடையும் அணிவகுப்பும் தந்தன. போர் முடிந்ததும் அந்த ஒழுங்கே தொண்டர் படையாக மறுபிறவி எடுத்தது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி வழிநடத்திய இப்படை கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடியது, குடித்தவர்களை விசாரித்துத் தண்டித்தது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் அருகிலும், மார்ச்சில் புக்கிட் செம்பிலான் தோட்டத்திலும், ஏப்ரலில் டப்ளின் தோட்டத்திலும் போலீசாரோடு மோதல் மூண்டு உயிர்கள் போயின. மைக்கேல் ஸ்டென்சன் போன்ற ஆய்வாளர்கள் இந்த எழுச்சியை விரிவாக எழுதியிருக்கிறார்கள். கூட்ட நடைமுறை என்ற கோணத்தில் நான் கவனிக்க விரும்புவது ஒன்று: தொண்டர் படையின் பலம் திரண்டு வந்த தலைகளில் இருந்தது. தலைவன் சொன்னான், கூட்டம் ஆமென்றது. கெடா ரப்பர் தொழிலாளர் சங்கங்களின் சம்மேளனம் பக்கத்திலேயே இயங்கியபோதும், மக்களை அசைத்தது திடல்தான், தீர்மானப் புத்தகம் அல்ல.

அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டதோ தீர்மானப் புத்தகம். போர் முடிந்த கையோடு தொழிற்சங்க ஆலோசகராக வந்த ஜான் பிரேசியர் பிரிட்டிஷ் ரயில்வே தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். அந்த நாட்டுத் தொழிற்சங்கத்தார் கூட்ட ஒழுங்கை வேதம்போல் மதித்தவர்கள். அவர்களுடைய தலைவரான வால்டர் சிட்ரின், கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது எப்படி என்று 1939இல் ஒரு கைந்நூலே எழுதினார். அமெரிக்காவில் ஹென்றி ராபர்ட் 1876இல் வெளியிட்ட விதிநூல் நாடாளுமன்ற வழக்கத்தைப் பொதுச் சங்கங்களுக்கு இறக்கித் தந்ததுபோல, சிட்ரின் அதைத் தொழிலாளிக்கு இறக்கித் தந்தார். பிரேசியரின் நோக்கம் தொழிலாளரை அரசியல் தீவிரத்திலிருந்து பிரித்துப் பதிவுபெற்ற, கணக்குக் காட்டும் சங்கங்களுக்குள் கொண்டுவருவது. 1948 ஜூனில் வந்த சட்டத் திருத்தம், சங்கப் பொறுப்பாளர்கள் அந்தத் தொழிலில் 3 ஆண்டு அனுபவம் உள்ளவர்களாக இருக்கவேண்டும் என்றது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாகலாம் என்றது. அதே மாதம் அவசரகாலம் பிறந்தது. பழைய தலைவர்கள் பலர் சிறைப்பட்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். கூட்டம் நடத்தும் முறையைச் சொல்லித் தந்த கையே கூட்டம் போட்டவர்களை அடைத்தது என்பதை மறைத்து இந்த வரலாற்றை எழுத முடியாது.

1954இல் ஐந்து சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது, பி. பி. நாராயணன் பொதுச் செயலாளரானார். இதற்குப் பிறகுதான் நடைமுறை லயத்துக்குள் உண்மையில் வேர் பிடித்தது. தோட்டக் கமிட்டி, அதற்கு மேல் கிளை, அதற்கும் மேல் பேராளர் மாநாடு என்ற படிநிலையில், ஒரு தோட்டத்துப் புகார் மேலே போக வேண்டுமானால் அது எழுதப்பட்ட தீர்மானமாக இருக்கவேண்டும். தொரையின் முன் கைகட்டி நின்றவர் கமிட்டிக் கூட்டத்தில் "தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்துப் பேசினார். அந்த விளிக்குப் பெரிய வேலை உண்டு. எதிரில் இருப்பவர் வேலையை மேற்பார்க்கும் தண்டலாக இருந்தாலும் மச்சானாக இருந்தாலும் பேச்சு அவரை நோக்கிப் போகாமல் தலைவரை நோக்கிப் போகிறது. உறவும் சாதியும் பதவியும் நெருக்கியடித்து வாழும் லயத்தில், ஒருவரைப் பகைத்துக்கொள்ளாமல் அவர் கருத்தை எதிர்க்க இதைவிட நல்ல வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கட்டம் கூட்டுறவு. பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், வீ. தி. சம்பந்தன் முயற்சியில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அது முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம். கூட்டுறவில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. பால்வெட்டும் ஒருவர் தோட்டத்து வரவு செலவைக் கேட்டு, "இந்தக் கணக்கை ஏற்க முன்மொழிகிறேன்" என்று சொல்லும் நிலை தென்னிந்தியத் தொழிலாளர் வரலாற்றில் சாதாரணமானதல்ல.

கோயில்களையும் இளைஞர் மன்றங்களையும் ஒரே அச்சில் வார்த்தது 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டம். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போகவேண்டும். பதிவிலாகாவின் மாதிரி விதிகளில் கோரம் பற்றிய பகுதியை நெருங்கிப் பார்ப்பது நல்லது. வாக்குரிமையுள்ள உறுப்பினரில் பாதி, அல்லது செயலவையினரின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு, இரண்டில் எது குறைவோ அது வந்திருக்கவேண்டும். அரை மணி நேரம் பார்த்தும் வராவிட்டால் 30 நாளுக்குள் வேறொரு தேதிக்கு ஒத்திவைக்கவேண்டும். அன்றும் வராவிட்டால் வந்தவர்களை வைத்தே நடத்தலாம். ஆனால் சங்க விதியைத் திருத்த முடியாது. வேலை மாற்றத்தால் ஆள் கலையும் தோட்டத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு. காரியம் நிற்காது, அதே நேரம் பத்துப் பேர் சேர்ந்து விதியையே மாற்றிவிடவும் முடியாது.

நடைமுறை மேல்மட்டத்தில் எவ்வளவு கூர்மையான ஆயுதம் என்பதை மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) கண்டது. 2013 கட்சித் தேர்தல் செல்லாது என்று பதிவிலாகா சொன்னதைத் தொடர்ந்து எழுந்த பூசல் நீதிமன்றம் வரை போய், 2015இல் ஜி. பழனிவேல் தலைமைப் பதவியை இழந்ததில் முடிந்தது.

எல்லாரையும் இந்த முறை ஒரே அளவில் உயர்த்தவில்லை. பால்வெட்டில் பெருந்தொகையாக உழைத்த பெண்கள் பொறுப்பாளர் பட்டியலில் அரிதாகவே தெரிகிறார்கள். சமையலும் பிள்ளையும் அவர்கள் தலையில் இருக்கும் பொழுதில் கூட்டத்தை வைத்துவிட்டு, வரவில்லை என்று குறித்துக்கொள்வது நியாயமல்ல. மொழியும் ஒரு சுவர். கூட்டம் தமிழில் நடக்கும். பதிவிலாகாவுக்குப் போகும் தாள் மலாயில் இருக்கவேண்டும். இதனால் இரு மொழியும் எழுதத் தெரிந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ கிராணியோ செயலாளராகி, தலைவரைவிடப் பலம் பெற்றார்.

பதிவிலாகாவின் கோப்பில் பொறுப்பாளர் பெயரும் கணக்கும் நிறைவேறிய தீர்மானமும் இருக்கும். யார் எழுந்து மறுத்தார், எந்த யோசனை வழிமொழிய ஆளின்றி விழுந்தது, எதற்காக ஒருவர் வெளிநடப்புச் செய்தார் என்பவை தமிழில் கையால் எழுதிய நோட்டுகளில்தான் இருக்கும். ரப்பர் செம்பனையாகி, தோட்டங்கள் கைமாறி, கோயில்கள் இடம் பெயரும் இந்த நேரத்தில், செர்டாங், லூபுக் புந்தார் பக்கத்துச் சங்க அலமாரிகளில் மிஞ்சியிருக்கும் அந்த நோட்டுகளைப் படியெடுப்பதே இத்துறையில் முதலில் செய்ய வேண்டிய வேலை.