ரேடியோ மெக்கானிக்கின் இரண்டு பேரப்பிள்ளைகள்



இந்த முறை கொஞ்சம் இசை வரலாறு. அதுவும் பெயரைக் கேட்டதுமே நம் வயதுக்காரர்கள் எழுந்து போய்விடக்கூடிய இசை: டப்ஸ்டெப், டப் டெக்னோ. முன்னது 2000-ஆம் ஆண்டையொட்டித் தென் லண்டனில் பிறந்தது. பின்னது 1990களில் பெர்லினில் உருவானது. பிரான்சில் இருக்கும் என் பேரன் இரண்டையும் கேட்பவன். ஊர் வேறு, தாளம் வேறு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்பது அவன் கட்சி. சம்பந்தம் உண்டு, அதுவும் இரத்த சம்பந்தம் என்பது என் கட்சி. இரண்டு பெயரிலும் முன்னால் நிற்கும் 'டப்' யாருடைய சொத்து என்று தேடிப் போனால், ஜமைக்காவில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம் போய் நிற்கிறோம். பேரப்பிள்ளைகளைக் கொண்டாடிவிட்டுத் தாத்தாவை மறப்பது நியாயமில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'டப்' என்பது ஆங்கில 'டபிள்' என்பதன் குறுக்கம். 'டப்பிங் படம்' என்கிறோமே, அதே சொல்தான். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'தூபிள்' என்றால் நகல். பணிக்காலம் முழுக்கக் கார்பன் தாள் வைத்து நகல் எடுத்தவன் நான். அசல் மேலதிகாரிக்குப் போகும்; நகல் கோப்பில் தூங்கும். நகலுக்கு ஒரு நாளும் மரியாதை இருந்ததில்லை. ஜமைக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே நகல் அசலை மிஞ்சிவிட்டது.

1960களில் தலைநகர் கிங்ஸ்டனில் ஏழை எளியவர்கள் ஆடிப்பாடக் கூடிய இடம் தெருவோரத்து 'சவுண்ட் சிஸ்டம்'. நம் ஊர் மைக் செட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கியது. செட்டுக்காரர்களுக்குள் கடும் போட்டி. எதிராளியிடம் இல்லாத பாட்டு நம்மிடம் இருக்க வேண்டும். அதற்காக ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், ஒரே ஒரு பிரதி மட்டும் வெட்டி வாங்கி வருவார்கள். அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் போன்ற மெல்லிய பூச்சு. அதில் ஊசியால் நேரடியாகப் பள்ளம் வெட்டுவது. அதன் பெயர் 'டப் பிளேட்'. சில பத்து முறை ஓட்டினால் தேய்ந்து போகும்.

1960களின் பிற்பகுதியில் ரடி ரெட்வுட் என்ற செட்டுக்காரருக்கு ஒரு தகடு வெட்டும்போது, பாடகரின் குரல் விடுபட்டு வாத்தியம் மட்டும் பதிவாகிவிட்டது என்று சொல்வார்கள். அவர் அதைத் தூக்கிப் போடவில்லை; ஆட்டத்தில் அப்படியே ஓட்டினார். பாட்டைத் தெரிந்த கூட்டம் தானே பாட ஆரம்பித்தது. குரல் இல்லாத நகலுக்குக் கிராக்கி அங்கிருந்து தொடங்கியது.

அந்தக் கூடத்தில் அந்நாளில் தகடு வெட்டும் வேலையில் இருந்தவர்களில் ஒருவர் ஆஸ்போர்ன் ரடக். 1941-இல் பிறந்தவர். ஊரார் வைத்த பெயர் கிங் டபி. தொழில் ரேடியோ, ஆம்பிளிஃபையர் பழுது பார்ப்பது. 1970களின் தொடக்கத்தில், வாட்டர்ஹவுஸ் என்ற ஏழைகள் பகுதியில் தன் வீட்டிலேயே ஒரு சின்ன ஒலிக்கூடம் வைத்தார். வாத்தியக்காரர்கள் உட்கார அங்கே இடமில்லை. வேறு கூடங்களில் பதிவான நாடாக்கள்தான் அவரிடம் வரும். பெரிய கூடம் ஒன்று கழித்த நான்கு தட கலவை மேசையை வாங்கித் தன் கையால் திருத்தி வைத்துக்கொண்டார்.

அதில் அவர் செய்தது என்ன? புதிதாக எதையும் சேர்க்கவில்லை; எடுத்தார். பாடகர் ஒரு சொல் சொல்லத் தொடங்குவார். குரலை அப்படியே மூடிவிடுவார். அந்த ஒற்றை அசை மட்டும் எதிரொலிக் கருவிக்குள் விழுந்து தேய்ந்து தேய்ந்து மறையும். கித்தார் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மிச்சம் நிற்பது டிரம்மும், பேஸ் எனப்படும் அடிநாதமும், நடுவில் ஏராளமான வெற்றிடமும். பாடத் தெரியாத, வாத்தியம் தொடாத ஒரு மெக்கானிக், கலவை மேசையையே வாத்தியமாக்கினார். இதுதான் டப். 1989 பிப்ரவரியில் அவரை வீட்டு வாசலிலேயே யாரோ சுட்டுக் கொன்றார்கள். வயது 48.

அதே 1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. கிழக்குப் பகுதியில் கேட்பாரற்றுக் கிடந்த கட்டடங்களில் இளைஞர்கள் நடனக்கூடங்கள் திறந்தார்கள். அவற்றில் புகழ்பெற்ற 'ட்ரெஸோர்' 1991-இல், பழைய வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் பாதாளப் பெட்டக அறையில் தொடங்கியது. அங்கே ஒலித்தது டெக்னோ. அது அமெரிக்காவின் மோட்டார் நகரமான டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் 1980களில் இயந்திரங்களைக் கொண்டு உருவாக்கிய இசை.

பெர்லினில் மார்க் எர்னஸ்டஸ் என்பவர் 1989-இல் 'ஹார்ட் வாக்ஸ்' என்ற இசைத்தட்டுக் கடை திறந்தார். டெக்னோவுடன் ஜமைக்கா ரெகே தட்டுகளும் அங்கே விற்றன. அவரும் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் 1993-இல் 'பேசிக் சேனல்' என்ற பெயரில் தட்டுகள் வெளியிட ஆரம்பித்தார்கள். சில வருஷங்களில் வெளிவந்தவை ஒன்பதே தட்டுகள். டெக்னோவின் நாலுக்கு நாலு அடி உள்ளே இதயத் துடிப்புப் போல மெதுவாகக் கேட்கும். அதற்கு மேல் ஒரே ஒரு சுரக்கூட்டு, எதிரொலியில் கரைந்து, மூடுபனிபோல் வருவதும் போவதுமாக இருக்கும். கிங் டபி குரலுக்குச் செய்ததை இவர்கள் இயந்திரத்தின் ஒலிக்குச் செய்தார்கள். டப் டெக்னோ என்று பெயர் வந்தது. தகடு வெட்டச் சொந்தக் கூடமே வைத்தார்கள். அதன் பெயரிலேயே 'டப் பிளேட்' இருக்கிறது.

இங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நியூயார்க்கில் குடியேறிய லாயிட் பார்ன்ஸ் என்ற ஜமைக்காக்காரர் நடத்திய 'வாக்கீஸ்' நிறுவனத்தின் பழைய தட்டுகளை, 2001 முதல் இவர்களே மறுபதிப்புச் செய்தார்கள். கடன் வாங்கிய வீட்டின் பெயரை மறைக்காதவர்கள்.

இனி லண்டன். 1948-இல் 'விண்ட்ரஷ்' கப்பல் வந்ததிலிருந்து ஜமைக்கா மக்கள் அங்கே குடியேறினார்கள். சவுண்ட் சிஸ்டமும் கூடவே வந்தது. தெற்கே க்ராய்டனில், சர்ரே தெருச் சந்தையில் 'பிக் ஆப்பிள்' என்ற இசைத்தட்டுக் கடை. அங்கே வேலை பார்த்த ஹாட்சா, அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த ஸ்க்ரீம், பெங்கா என்ற பையன்கள், பக்கத்து நார்வுட் பகுதியிலிருந்து மாலா, கோக்கி, லோஃபா. வீட்டுக் கணினியில் இசை செய்தார்கள். அப்போது ஓடிக்கொண்டிருந்த 'கராஜ்' என்ற நடன இசையிலிருந்து குரலையும் பளபளப்பையும் நீக்கிக்கொண்டே போனார்கள்.

மிஞ்சியது டப்ஸ்டெப். நிமிடத்துக்குச் சுமார் 140 அடி. ஆனால் நான்கு எண்ணிக்கையில் மூன்றாவதில் மட்டும் பலத்த அடி விழுவதால் 70 போலத் தோன்றும். நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால், உள்ளே துரித காலம், வெளியே விளம்ப காலம். நடுவில் கிடக்கும் வெற்றிடத்தைத் தரையே அதிரும் அடிநாதம் நிரப்புகிறது. 2005 முதல் பிரிக்ஸ்டனில், புனித மத்தேயு தேவாலயக் கட்டடத்தில் 'டிஎம்இஸட்' என்ற பெயரில் இரவுக் கூட்டங்கள் நடத்தினார்கள். புதிய இசையை ஃபாரஸ்ட் ஹில் பகுதியில் இருந்த 'ட்ரான்சிஷன்' கூடத்தில் தகடாக வெட்டி எடுத்து வருவார்கள். சிடியும் கணினியும் வந்துவிட்ட காலத்தில், சில பத்து முறையில் தேய்ந்துபோகும் அதே அரக்குத் தகடு!

2007, 2008 வாக்கில் இரண்டு பேரப்பிள்ளைகளும் சந்தித்துக்கொண்டார்கள். ஷாக்கிள்டன் என்ற இங்கிலாந்துக்காரரின் ஒரு பாட்டை, பெர்லின் டெக்னோ உலகில் பெயர்பெற்ற ரிக்கார்டோ வில்லலோபோஸ் பதினெட்டு நிமிட நீளத்துக்கு மாற்றி அமைத்தார். ஹாலந்துக்காரர் டேவ் ஹைஸ்மன்ஸ் தன் அஞ்சல் குறியீடான 2562-ஐயே புனைபெயராக்கி, டப்ஸ்டெப்பின் அடிநாதமும் டெக்னோவின் மூடுபனியும் கலந்த 'ஏரியல்' தொகுப்பை 2008-இல் தந்தார். வெளியிட்டது பிரிஸ்டல் நகரத்து டப்ஸ்டெப் நிறுவனமான 'டெக்டானிக்'. 'ஸ்கூபா' என்ற லண்டன்காரர் பெர்லினுக்கே குடிபோனார். 2008-இல், பழைய மின் நிலையக் கட்டடத்தில் இயங்கும் 'பெர்க்ஹைன்' நடனக்கூடத்தில் டப்ஸ்டெப் இரவுகள் தொடங்கின.

யார் யாரைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள் என்று இளைஞர்கள் வாதிடுகிறார்கள். பேரனும் அப்படித்தான். ஒரே தாத்தாவின் மூக்கு இரண்டு பேரன்களுக்கும் இருந்தால், ஒருவனைப் பார்த்து ஒருவன் மூக்கை வைத்துக்கொண்டான் என்போமா? வித்தியாசம் நிச்சயம் உண்டு. டப் டெக்னோ நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். டப்ஸ்டெப் நின்று, மூச்சு வாங்கி, அடுத்த அடி வைக்கும். ஆனால் நீக்குவதும், வெற்றிடம் விடுவதும், எதிரொலியை வாத்தியமாக்குவதும், தகடு வெட்டுபவரைக் கலைஞராக மதிப்பதும் வாட்டர்ஹவுஸ் வீட்டிலிருந்து வந்தவை. 2010-க்குப் பிறகு அமெரிக்காவில் டப்ஸ்டெப் என்ற பெயரில் பெரும் இரைச்சலாக ஒன்று புகழ்பெற்றது. அதில் வெற்றிடம் போய்விட்டது. பெயரில் டப் இருந்தும் தாத்தாவின் சாடை குறைந்துவிட்டது என்பேன்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. முதுமையில் காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. பேத்தியின் கீச்சுக் குரல் புரியாவிட்டாலும் அடிநாதம் நமக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் மொபைலின் சின்ன ஒலிபெருக்கியில் அது வரவே வராது. பாதி இசை காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போன் போட்டு, இந்த வரிசையில் கேளுங்கள்: 1976-இல் வந்த 'கிங் டபீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்', அடுத்து பேசிக் சேனலின் 'குவாட்ரன்ட் டப்', கடைசியாக டிஜிட்டல் மிஸ்டிக்ஸ் என்ற பெயரில் மாலாவும் கோக்கியும் தந்தவற்றில் 'ஆன்டி வார் டப்'. நடுவில் உள்ளது மிக நீளம், அவசரப்படாதீர்கள். மூன்றும் முடிந்த பிறகு சம்பந்தம் உண்டா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.