அட்டவணையில் இல்லாத காயம்



சார்லஸ் டிக்கன்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் பெயரை உங்களுள் பலர் அறிவீர்கள். அவர் எழுதிய கதைகளைக் காட்டிலும், அவருக்கு நேர்ந்த ஒரு விபத்தைப் பற்றியே முதலில் சொல்ல விரும்புகிறேன்.

1865ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், போக்ஸ்டன் துறைமுகத்திலிருந்து இலண்டன் நோக்கி விரைந்த புகைவண்டியில் அவர் வந்துகொண்டிருந்தார். ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னும் ஊருக்கு அருகே ஒரு சிறிய ஆற்றுப் பாலத்தில் பழுதுபார்க்கும் வேலை நடந்தது, தண்டவாளங்கள் கழற்றப்பட்டிருந்தன. கப்பலில் வந்து இறங்குவோரை ஏற்றிவரும் வண்டியாதலால், கடலின் ஏற்றவற்றத்திற்கேற்ப அதன் நேரம் நாள்தோறும் மாறும். வேலையாட்களின் மேஸ்திரி, வேறொரு நாளுக்குரிய நேரத்தைப் பார்த்துவிட்டார். சிவப்புக் கொடியுடன் 1,000 கெஜத்திற்கு அப்பால் நிற்க வேண்டிய ஆள், 554 கெஜத் தொலைவிலேயே நின்றார். வண்டி பாலத்தில் கவிழ்ந்தது. 10 பேர் மாண்டனர். 40 பேர் காயமுற்றனர். மேஸ்திரிக்கு 9 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

டிக்கன்ஸ் உடலிற் பெருங்காயமின்றித் தப்பினார். தம் தொப்பியில் ஆற்றுநீரை மொண்டுவந்து அடிபட்டோருக்கு உதவினார். ஆனால், அதன்பின் வண்டி சற்றே குலுங்கினாலும் அச்சத்தால் நடுங்கி, இருக்கையின் கைகளை இறுகப் பற்றிக்கொள்வாராம். அடுத்த ஆண்டில் அவர் ஒரு சிறுகதை எழுதினார். அதன் நாயகன், ஆழமான பள்ளத்தில் தன்னந்தனியாகக் காவல் காக்கும் ஒரு சிக்னல்காரன். கைக்கு வேலை குறைவு. மனத்திற்கோ ஓய்வே இல்லை. எங்கே என்ன விபத்து நேருமோ என்ற எண்ணமே அவனை உருக்குலைக்கிறது. அதைப் பேய்க்கதை என்று படிப்பவர் பலர். தொழிலாளியின் மனநோவைப் பற்றிய கதை என்றே நான் வகுப்பில் சொல்லி வந்தேன்.

இனி, அக்காலச் சட்டத்தைப் பாருங்கள். விபத்தில் அடிபட்ட பயணி, கம்பெனியின் மீது வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறலாம். பயணி இறந்துவிட்டால் அவர் குடும்பத்தார் பெறுவதற்கும் 1846இல் சட்டம் வந்துவிட்டது. அதே வண்டியில் பணி செய்த தொழிலாளிக்கு அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. காரணம், 1837இல் பிறந்த ஒரு தீர்ப்பு. இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்த பிரீஸ்ட்லி என்பவர், அளவுக்கு மீறிச் சுமையேற்றிய வண்டி முறிந்ததால் தொடையெலும்பு முறிந்து கிடந்தார். ஜூரியார் 100 பவுன் வழங்கினர். மேல்மன்றத்தில் நீதிபதி அபிஞ்சர் பிரபு அதனைத் தள்ளிவிட்டார். ஆபத்தை அறிந்த வேலையாள் வேலையை மறுத்திருக்கலாமே என்பது அவர் வாதம். இதற்கெல்லாம் முதலாளி பொறுப்பென்றால், பணிப்பெண் ஈரப் படுக்கை விரித்ததற்கும் பொறுப்பாக நேரிடுமே என்றும் அஞ்சினார்! பசித்தவன் வேலையை எங்ஙனம் மறுப்பான் என்பது அப்பெருமானுக்குத் தோன்றவில்லை. 1850இல் இரயில் மோதி மாண்ட ஒரு ஊழியரின் குடும்பத்தாருக்கும், உடன் பணிபுரிவோரின் பிழைக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்ற விடையே கிடைத்தது. பிரிட்டனில் இக்கோட்பாடு முற்றிலும் நீங்கியது 1948இல்தான்.

பயணிகளின் வழக்குகள் பெருகவே, மருத்துவர்கள் நீதிமன்றத்தில் ஒருவரோடொருவர் வாதிடலாயினர். எலும்பு முறியவில்லை, குருதி சிந்தவில்லை. ஆயினும் உறக்கம் இல்லை, நினைவு தடுமாறுகிறது. இஃது என்ன நோய்? எரிக்சன் என்னும் அறுவை மருத்துவர் 1866இல், முதுகுத்தண்டு அதிர்ச்சியுற்றதே காரணம் என்றார். இதனை மறுத்து 1883இல் நூல் எழுதிய ஹெர்பர்ட் பேஜ் ஓர் இரயில்வே கம்பெனியின் மருத்துவர். முதுகுத்தண்டில் ஒன்றுமில்லை, அச்சம் ஒன்றே இத்தனையும் விளைக்கப் போதும் என்றார். கம்பெனியின் பக்கம் நின்றவரே மனத்தின் காயத்திற்குச் சான்று கூறியதுபோல் ஆயிற்று.

ஜெர்மனியில் 1884இல் பிஸ்மார்க் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் கொணர்ந்தார். யார் பிழை என்ற கேள்வியே அதில் இல்லை. வேலையில் அடிபட்டால் உதவி உண்டு. பெர்லினில் ஹெர்மன் ஒப்பன்ஹைம் என்ற மருத்துவர், விபத்துற்ற தொழிலாளரை ஆராய்ந்து 1889இல் நூல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே காப்பீட்டு மன்றம், விபத்தால் வரும் நரம்புக் கலக்கத்திற்கும் உதவித்தொகை உண்டென ஏற்றது. உடனே எதிர்க்குரலும் எழுந்தது. உதவித்தொகை மீதுள்ள ஆசையே இந்நோய் என்றனர் சிலர். 1926இல் அம்மன்றம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. கை இழந்தவனை எவரும் பொய்யன் எனக் கூறுவதில்லை. உறக்கம் இழந்தவனைக் கூறினர்.

நம் நாட்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் பெற்றது. அதன் இணைப்பில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டை விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12. விரல்தோறும் கணக்கு இருந்தது. மனத்திற்கு வரி இருக்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, தொழில்சார் நோய்களின் பட்டியலில் மனக் கோளாறுகளையும் சேர்த்தது 2010இல்தான். டிக்கன்ஸ் நடுங்கியதற்கும் அதற்கும் இடையே 145 ஆண்டுகள் கழிந்தன.

நான் இளம் ஆசிரியனாயிருந்த ஊரில் பஞ்சாலைகள் மிகுதி. 1988ஆம் ஆண்டில், என் மாணவன் ஒருவனின் தந்தை கார்டிங் இயந்திரத்தில் ஆள்காட்டி விரலை இழந்தார். புண் ஆறியது. ஆனால் ஆலைச் சங்கு ஊதினால் அவர் காதைப் பொத்திக்கொண்டு வீட்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார் என்று அவர் மனைவி சொல்லி அழுதார். வேலைக்குச் செல்லாமல் நடிக்கிறார் என்று ஆலையில் பேச்சாம். அவ்வம்மையார் இழப்பீட்டு விண்ணப்பத்தை என்னிடம் கொணர்ந்து, "ஐயா, நீங்களே எழுதித் தாருங்கள்" என்றார். அவர் அழுததை அப்போதுதான் கேட்டிருந்தேன். தொழிற்சாலைச் சட்டங்களின் வரலாற்றை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வந்த கை இது. காயத்தின் தன்மை என்ற இடத்தில், ஆள்காட்டி விரல் என்று மட்டும் எழுதிக் கையொப்பத்திற்கு நீட்டினேன்.