கரிசல் சீமையில் மாணவர் பேரவை: தீர்மானமும் பொறுப்பும்

மாணவர் பேரவை என்பது ஒரு கல்லூரியின் மாணவர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்டு, அவர்களின் பிரதிநிதிகள் வழியே இயங்கும் அமைப்பு. மாணவர் சார்பில் முடிவெடுப்பதும், மாணவருக்கான பணிகளை நடத்துவதும் அதன் இரு கடமைகள். இவ்விரண்டும் பிரிந்துவிட்டால் பேரவை விழா எடுக்கும் குழுவாகச் சுருங்கிவிடும். பொறுப்பாளர் குறிக்கப்படாத தீர்மானம் ஏட்டோடு நின்றுவிடும். மாணவரைக் கேட்காமல் நடத்தும் பணி, வேண்டியவரைச் சேராது.

கரிசல் சீமையான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையையும் கண்மாயையும் நம்பியது. நகரில் தறியும் நூற்பாலையும், கிராமங்களில் மானாவாரி வேளாண்மையும் பிழைப்புக்கு வழி. அருப்புக்கோட்டையில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளாக தேவாங்கர் கலைக் கல்லூரி, சைவபானு சத்திரியக் கல்லூரி ஆகியவை உள்ளன. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பேருந்து நேரம், உதவித்தொகை விண்ணப்பம், புத்தகச் செலவு ஆகியவையே படிப்பைத் தொடரச் செய்பவை அல்லது நிறுத்துபவை. எனவே இங்கே பேரவையின் பணிகள் படிப்போடு நேரடியாகத் தொடர்புடையவை.

பொதுப் பணத்தில் பொதுப் பணி நடத்துவது இந்தச் சீமைக்குப் புதிதன்று. வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கிப் பள்ளிகளையும் கோயில்களையும் நடத்தினர். காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் எடுத்துவைத்த பிடி அரிசியால் வளர்ந்தது. கொடுப்பவர் சிறிதளவே கொடுத்தாலும் அது பொதுச் சொத்து, அதற்குக் கணக்கு உண்டு என்ற நெறி பேரவைக்கும் பொருந்தும்.

பேரவைத் தேர்தலுக்கான பொது நெறிகளை முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு 2006இல் வகுத்தது. அவற்றைச் செயல்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று ஆணையிட்டது. கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரங்களுக்குள் தேர்தல் நடைபெற வேண்டும். வேட்புமனு முதல் முடிவு அறிவிப்பு வரை 10 நாள்களுக்கு மேல் ஆகக் கூடாது. வேட்பாளருக்கு 75 விழுக்காடு வருகைப்பதிவு தேவை. அந்த ஆண்டில் தேர்வு நிலுவை இருக்கக் கூடாது. செலவு வரம்பு 5,000 ரூபாய். முடிவு வந்த இரண்டு வாரங்களுக்குள் செலவுக் கணக்கைத் தர வேண்டும். அச்சடித்த சுவரொட்டிக்குத் தடை. கையால் எழுதியதைக் குறித்த இடத்தில் ஒட்டலாம். கட்சிப் பணத்துக்கும் இடமில்லை. பணமில்லாத வீட்டுப் பிள்ளையும் போட்டியிட முடிவதே இந்நெறிகளின் பெரும்பயன்.

முடிவெடுப்பதில் முதற்படி, பேரவை தானே தீர்மானிக்கக்கூடியவற்றையும் பரிந்துரை மட்டும் செய்யக்கூடியவற்றையும் பிரித்தறிவது. விழா நிகழ்ச்சிகள், போட்டிகள், பேரவை நிதிக்கான திட்டம் முதல் வகை. கட்டணம், தேர்வு, பாட அட்டவணை இரண்டாம் வகை. அவற்றில் கோரிக்கை முதல்வருக்கும் உரிய குழுவுக்கும் செல்ல வேண்டும். தனி மாணவரின் குறைக்கு வேறு வழி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைப்படி கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழு, இயன்றவரை 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். தீர்வு கிட்டாதவர் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பேரவை இந்த வழியைக் காட்டித் துணைநிற்க வேண்டும். தானே தீர்ப்பு வழங்கக் கூடாது.

அடுத்தது கூட்டம். பொருள்நிரலை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் இட்டால்தான் வகுப்புப் பிரதிநிதிகள் தம் வகுப்பில் கேட்டுவர முடியும். கூட்டம் மாலையில் நடந்தால் நரிக்குடி, காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் பேருந்து பிடிப்பவர்கள் எழுந்து போய்விடுவர். தங்கியிருப்போரின் விருப்பமே அனைவரின் முடிவாகிவிடும். மதிய இடைவேளைக் கூட்டமே கரிசல் காட்டுக் கல்லூரிக்கு ஏற்றது. குறைந்தபட்ச வருகை இல்லாத கூட்டத்தில் செலவுத் தீர்மானம் எதுவும் நிறைவேறக் கூடாது. தீர்மானப் புத்தகத்தில் முடிவோடு பொறுப்பாளர் பெயர், காலவரம்பு, ஒதுக்கிய தொகை ஆகிய மூன்றையும் எழுத வேண்டும்.

பணிகளில் நெடுநாள் நிலைபெற்றது மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983இன் கீழ்ப் பதிவாகும் இத்தகைய பண்டகசாலையில் பங்குத்தொகை செலுத்திய மாணவர் உறுப்பினர் ஆகிறார். எத்தனை பங்கு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். குறிப்பேடு, பதிவேடு, எழுதுபொருள்களை மொத்தமாக வாங்கி நியாய விலைக்கு விற்பதே அதன் பயன். பேரவை வகுப்புவாரியாகத் தேவையைத் திரட்டித் தந்தால், விற்காத சரக்கு தேங்காது.

இரண்டாவது, விடுதி உணவகம். அதில் டிவைடிங் முறை வழக்கில் உள்ளது. மாதம் முழுவதற்குமான செலவை எல்லா மாணவரும் உணவு உண்ட மொத்த நாள்களால் வகுத்து ஒரு நாள் செலவு காணப்படும். அதை அவரவர் உண்ட நாள்களால் பெருக்கினால் அவரவர் கட்டணம். இதில் வீணாகும் ஒவ்வொரு பிடி சோறும் எல்லார் தலையிலும் விழுகிறது. ஆகவே கொள்முதலுக்கும் இருப்புச் சரிபார்ப்புக்கும் மாணவர் பிரதிநிதிகள் முறைவைத்துச் செல்வது இன்றியமையாதது.

மூன்றாவது, வழிகாட்டும் பணி. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண் மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் மாறுபட்டால் உதவி தடைப்படலாம். சேர்க்கை நாள்களில் மூத்த மாணவர் ஒரு மேசை போட்டு இவற்றைச் சரிபார்ப்பது, செலவில்லாமல் செய்யத்தக்க பெரும்பணி. பேருந்துக் கோரிக்கையையும் வெறும் மனுவாகத் தராமல், தடம், நேரம், ஏறும் மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கெடுத்துப் பணிமனையில் தந்தால் அதற்கு வலு கூடும்.

பேரவையின் பொறுப்பாளர்கள் ஓராண்டில் மாறுகின்றனர். பணிகள் தொடர வேண்டியவை. எனவே ஆண்டிறுதித் தேர்வுக்கு முன்பே ரசீதுகளும் செலவுச்சீட்டுகளும் தணிக்கையாகி, வரவு செலவு அறிவிப்புப் பலகையில் இடம்பெற வேண்டும். தீர்மானப் புத்தகம், இருப்புப் பதிவேடு, முடியாத வேலைகளின் பட்டியல் ஆகியவை பொறுப்பு ஆசிரியர் முன்னிலையில் கையொப்பத்துடன் ஒப்படைக்கப்பட வேண்டும். புதிய பேரவையின் முதற்கூட்டம் அந்தப் பட்டியலைப் பொருள்நிரலின் முதல் இனமாக எடுத்துக்கொண்டால், ஓராண்டின் தீர்மானம் அடுத்த ஆண்டிலும் பணியாக நடக்கும்.