ஜூலியாவின் வரைபடம்

அரிசோனாவின் சூப்பர்ஸ்டிஷன் மலைகளைப் பற்றி யார் எழுதினாலும் ஜேக்கப் வால்ட்ஸில்தான் தொடங்குவார்கள். ஆள் ஜெர்மன்காரர், சுரங்கத்துக்கு ஒட்டிக்கொண்ட பெயரோ 'டச்சுக்காரனின் தொலைந்த சுரங்கம்'. 'டாய்ச்' அங்கே டச்சு ஆகிவிட்டது. 1891 அக்டோபரில் பீனிக்ஸில் இறந்தார். சாகுமுன் தங்கம் இருக்கும் இடத்துக்கு வழி சொன்னாராம்.

எனக்கு அந்தக் கிழவரைவிட ஜூலியா தாமஸ்தான் முக்கியம். கணவன் விட்டுப்போன பெண், பேக்கரி நடத்தியவர், நோயில் கிடந்த வால்ட்ஸைப் பார்த்துக்கொண்டவர். 1892-இல் கடையை விற்றுவிட்டு, ரைன்ஹார்ட், ஹெர்மன் என்ற பெட்ராஷ் சகோதரர்களோடு மலைக்குக் கிளம்பிட்டார். அதுவும் ஆகஸ்ட் மாதம்! நிழலிலேயே 40 டிகிரி தாண்டும் பாலைவனம். தண்ணீர் குதிரைக்கொம்பு. மூவரும் உயிரோடு திரும்பியதே பெரிசு. தங்கம் இல்லை, கடையும் இல்லை.

அப்புறம் அவர் வரைபடம் விற்றார், ஒன்று 7 டாலர் என்பார்கள். ஏமாற்று வேலைன்னு எழுதுறவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல. கையில் மிச்சமிருந்தது அந்தக் கதை மட்டும்தானே?

ஆனால் கதைக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். 1931-இல் அடால்ஃப் ரூத் பழைய வரைபடம் ஒன்றோடு போனார். டிசம்பரில் மண்டையோடு கிடைத்தது. 2010 ஜூலையில் யூட்டாவிலிருந்து மூன்று நண்பர்கள் போனார்கள். அடுத்த ஜனவரியில்தான் எலும்புகள் அகப்பட்டன. 1984 முதலே அங்கே புதிதாகச் சுரங்க உரிமை கோர முடியாது. கண்டுபிடித்திருந்தாலும் அவர்களுக்கு அது சொந்தமாகியிருக்காது.

ஹெர்மன் மட்டும் கிழவனாகிச் சாகும்வரை அந்த மலையடிவாரத்திலேயே தேடிக்கொண்டிருந்தார்.